ஆறு ஆண்டு வலி, ஐந்து மருத்துவர்கள்: இனி யாரிடம் போவது?

திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 41 வயதுப் பெண்மணி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தைத் தருகிறேன்.

பிளஸ் டூ வரை படித்தவர். கணவரோடு குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறார். குறுவை, சம்பா காலங்களில் மற்றவர் வயல்களுக்கும் நடவுக்குப் போகிறார். சம்பா அறுவடை முடிந்ததும் உளுந்து பறிப்பு. மகளிர் சுயஉதவிக்குழுவின் கணக்கும் இவர் பொறுப்புதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பா நடவின்போது இடுப்பில் பிடித்த வலி, இன்று கழுத்து, தோள்பட்டை, தொடை என்று உடம்பெங்கும் பரவியிருக்கிறது. இரவில் தூக்கம் இல்லை. காலையில் எழுந்தால் அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. இதுவரை ஐந்து மருத்துவர்களைப் பார்த்துவிட்டார். மூன்றாமவர், நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு "ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, அறுவை செய்யாவிட்டால் கால் விளங்காமல் போகும்" என்றார். அந்த ஸ்கேனுக்கும் செலவுக்கும் தோடு அடகுக்குப் போனது. நான்காமவர் அதே படத்தைப் பார்த்து "ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். ஐந்தாவதாகத் தாலுகா அரசு மருத்துவமனையில் பார்த்த இளம் பெண் மருத்துவர் ஸ்கேனும் எழுதவில்லை, ஊசியும் போடவில்லை. இரவுக்கு ஒரு சிறிய மாத்திரை மட்டும் கொடுத்தார். கைப்பேசியில் தேடியபோது அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று வந்ததால், நான்கு நாளில் நிறுத்திவிட்டார். இப்போது பக்கத்து ஊர் மருந்துக்கடையை ஒட்டிய அறையில் ஒருவர் போடும் ஊசியும், அவர் பொட்டலம் கட்டித்தரும் மாத்திரையும்தான் துணை. "அவர் ஒருவர்தான் 'வாம்மா' என்று அன்பாகக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். வீட்டில் மாமியார் இதை வேலைக்குப் பயந்த நடிப்பு என்கிறார், கணவர் சலித்துப்போய்விட்டார்.

அவருடைய கேள்விகள்: அறுவை சிகிச்சை வேண்டுமா? இது மனநோயா? மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா? கடைசியாக, "என் வலியை நம்பி, இரக்கத்தோடு பார்க்கிற ஒரு டாக்டர் இந்தப் பக்கம் இருந்தால் பெயர் சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்வியாக இல்லாமல், போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்: "சில ராத்திரி, விடியாமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றும்." ஆண்டுக்கணக்கில் வலியோடு இருப்பவர்கள் பலருக்கு இப்படித் தோன்றுவதுண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் இதை ஒரு கடிதத்தின் நடுவே ஒளித்து வைத்துவிட்டு நீங்கள் மட்டும் சுமக்கக் கூடாது. கணவரிடமோ உங்கள் அக்காவிடமோ இன்றே இதே சொற்களில் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104 எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதைக் கணவர் வேறிடத்தில் பூட்டி வைக்கட்டும். டெல்டாவில் மருத்துவம் பார்க்கிற எவரும் இதைத்தான் முதலில் கேட்போம். அதற்கான காரணம் ஊரில் உங்களுக்கும் தெரியும். அந்த எண்ணம் வலுப்பதாகத் தெரிந்தால் புறநோயாளிப் பிரிவு திறக்கும்வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

படத்தில் தெரியும் பிதுக்கம்

ஸ்கேன் அறிக்கையில், இடுப்புப் பகுதியில் உள்ள எல்4, எல்5 முதுகெலும்புகளுக்கு இடையில் ஜவ்வு சற்றுப் பிதுங்கியிருப்பதாக இருக்கிறது. நரம்பு நசுங்கியதாக இல்லை. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இதே பிதுக்கம் இருந்தது. தேய்மானம் 68 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்கள் எல்லாரும் எந்த வலியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே உங்கள் படத்தில் பிதுக்கம் இருப்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கழுத்தும் தோளும் வலிப்பதற்கு இடுப்பு ஜவ்வு எப்படிப் பொறுப்பாகும்?

இடுப்பிலிருந்து ஒரு காலில் மின்சாரம் பாய்வதுபோல இறங்கும் வலி, அந்தக் காலில் வலுக்குறைவு, அதற்குப் பொருந்தும் இடத்தில் நரம்பு அழுத்தப்படுவது படத்தில் தெரிவது, இவை மூன்றும் சேரும்போது அறுவை சிகிச்சை பலன் தரக்கூடும். உங்கள் கடிதத்தில் இவை இல்லை. நேரில் பார்க்காமல் "வேண்டவே வேண்டாம்" என்று நான் எழுதினால் அது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் அவசரப்படுத்தும் எதுவும் நீங்கள் எழுதியதில் தென்படவில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டே, செய்துகொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பீடு இருப்பது அறுவை செய்துகொள்வதற்கான காரணம் ஆகாது.

அவசரம் எப்போது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர், மலம் அறியாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது, தொடையின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலையில் காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் குறையாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமல்ல.

மனசுதான் காரணமா?

நான்காவது மருத்துவர் சொன்னது உங்களை அவமானப்படுத்தியிருக்கிறது; அவர் சொன்ன விதத்தில் அவமானம் இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் வலி என்று சொல்வதை மருத்துவர் மதிக்க வேண்டும் என்பது உங்கள் வேண்டுகோள் மட்டுமல்ல. சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2020இல் திருத்தி வெளியிட்ட வலியின் வரையறைக் குறிப்புகளிலேயே அது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். மாமியாருக்கு அவர் சொல்லிக்கொள்ளட்டும்.

உடம்பிலிருந்து கிளம்பும் சமிக்ஞைகள் எல்லாம் அப்படியே மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் அவற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அமைப்பு உண்டு என்று மெல்சாக், வால் என்ற இரு அறிவியலாளர்கள் 1965இல் சொன்னார்கள். வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மதகுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தூக்கம், இதமான அசைவு, மனநிம்மதி ஆகியவை பலகையை இறக்கும். தூக்கமின்மை, பயம், ஓயாத கவலை ஆகியவை ஏற்றும். ஆண்டுக்கணக்கில் வலி தொடர்ந்தால், பலகை ஏறியபடியே சிக்கிக்கொள்ளும். முதலில் பட்ட காயம் ஆறிய பிறகும், தொட்டாலே வலிக்கும் அளவுக்கு நரம்பு மண்டலம் கூர்மையாகிவிடும். ஃபைப்ரோமயால்ஜியா எனப்படும் நோயில் நடப்பது ஏறத்தாழ இதுதான், நீங்கள் எழுதியிருக்கும் உடல் முழுவதுமான வலி, தூக்கம் தெளியாமை, அசதி மூன்றும் அதை நினைவூட்டுகின்றன. ஆனால் கடிதத்தில் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, வாத நோய்கள் ஆகியவை இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். காலையில் எழுந்தபின் விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடமாட நடமாடக் குறைகிறதா, விரல் மூட்டுகள் வீங்குகின்றனவா என்று கவனித்துச் சொல்லுங்கள். இதில் பெரும்பகுதி சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும், இன்னொரு எம்.ஆர்.ஐ. தேவைப்படாது.

அன்பாகப் போடப்படும் ஊசி

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது இந்தப் பகுதிதான். முகம் உப்பியிருக்கிறது, எடை கூடியிருக்கிறது, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ஊசி போட்ட இரண்டு நாள் புதிதாய்ப் பிறந்ததுபோல் இருக்கிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது என்கிறீர்கள். அந்த ஊசியிலோ பொட்டலத்திலோ ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். அளவோடு, காரணத்தோடு கொடுத்தால் அது உயிர்காக்கும் மருந்து. பெயர் தெரியாமல் மாதக்கணக்கில் போனால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி, எலும்பை அரித்து, உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டையும் நிறுத்திவிடும். அதனால்தான், இதைப் படித்ததும் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரை போகலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய், படிப்படியாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடுவதும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். வயலில் ஒதுங்க இடமில்லை என்பதற்காக நடவு நாட்களில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது எங்களுக்குத் தெரியும். வெயில், தண்ணீர்க் குறைவு, இந்த மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று கட்டாயம் வேண்டும்.

அந்த மனிதரின் மேல் உங்களுக்கு இருக்கும் நன்றியை நான் குறைத்துப் பேசவில்லை. பட்டம் பெற்ற ஐந்து பேரில் ஒருவர்கூட உட்காரச் சொல்லாத இடத்தில் அவர் சொன்னார். எங்கள் தொழிலுக்கு அது தலைக்குனிவுதான். ஆனால் பதிவு பெறாதவர் ஊசி போடுவது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக, உங்கள் உடம்புக்குள் என்ன போகிறது என்பதை அவர் உங்களிடம் சொல்லவில்லை.

நீங்கள் தேடுகிறவரை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள்

பெயர் கேட்டிருந்தீர்கள். மருத்துவர்களின் பெயர் சொல்வது இந்தக் கேள்வி-பதில் பகுதியின் வழக்கமில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தாலுகா மருத்துவமனையில் பார்த்த அந்த ஐந்தாவது மருத்துவரைப் பற்றி நீங்கள் குறையாக எழுதியவற்றையே மறுபடி படித்துப் பாருங்கள். "சிரித்துக்கூடப் பேசவில்லை, படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், முட்டியில் தட்டினார், என்ன வேலை செய்கிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று சம்பந்தமில்லாமல் கேட்டார், ஸ்கேனைப் பார்த்துவிட்டு இதற்கு ஆபரேஷன் தேவைப்படாது என்றார், பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்." ஐந்து பேரில் உங்களைத் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தூக்கத்தைப் பற்றிக் கேட்டவரும் அவர்தான். திரும்பி வரச் சொன்னதும் அவர் மட்டுமே. காலை நேர ஓபியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வரிசையில் நிற்கும்போது முகத்தில் சிரிப்பு வற்றிவிடும்; அதை வைத்து இரக்கத்தை அளக்காதீர்கள்.

அவர் கொடுத்த அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் மாத்திரை, மனச்சோர்வுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான். அதற்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு. இந்தச் சிறிய அளவில், தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞையைத் தணிக்கவும் தூக்கத்தைச் சீராக்கவும் உலகம் முழுவதும் பயன்படுத்தப்படுகிறது. வாய் உலர்தல், மலச்சிக்கல், காலையில் மந்தம் வரலாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் எதுவும் தெரிந்திருக்காது. நீங்களாக மறுபடி தொடங்க வேண்டாம்: இதயத் துடிப்புக் கோளாறு, கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது, ஆகவே அவர் பார்த்துத் தரட்டும். இது ஒத்துவராவிட்டால் டுலாக்ஸெட்டின், பிரிகாபலின் என்று வேறு வழிகளும் உண்டு. எதுவும் வலியை முழுவதும் துடைத்துவிடும் என்று வாக்குத் தர மாட்டேன். பத்துக்கு எட்டாக இருக்கும் வலி ஐந்தாகி, இரவில் ஆறு மணி நேரம் தூங்கி, உளுந்து பறிப்புக்குப் போய்வர முடிந்தால் அது வெற்றி என்று நாங்கள் எண்ணுகிறோம். "முழுசாகக் குணமாக்குகிறேன்" என்று முன்பணம் கேட்பவர் எந்த வைத்திய முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று முறை அவரிடமே போங்கள். ஒவ்வொரு முறையும் முன்பு சொன்னதை அவர் தொடர்கிறாரா, புரியாததைக் கேட்டால் விளக்குகிறாரா, மருந்தை எப்போது நிறுத்துவது என்று சொல்கிறாரா என்று பாருங்கள். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அவரே எழுதித் தருவார். அங்கே இயன்முறை சிகிச்சையோடு, வலிக்கான சிறப்புச் சிகிச்சை பற்றி மயக்கவியல் துறையிலும் விசாரியுங்கள்.

ஐந்து நிமிடத்தில் என்ன சொல்வது?

சுயஉதவிக்குழுவுக்குக் கணக்கு எழுதுகிற கை உங்களுடையது. அதே ஒழுங்கில் ஒரு நாற்பது பக்க நோட்டைப் போடுங்கள். முதல் பக்கத்தில் வலி தொடங்கிய காலம், இதுவரை சாப்பிட்ட மருந்துகள், எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை அட்டைகளையும் பெயரில்லாப் பொட்டலத்தையும் அப்படியே எடுத்துப் போங்கள். "உடம்பெல்லாம் வலி, டாக்டர்" என்பதைவிட, "இருபது நிமிடத்துக்கு மேல் குனிய முடியவில்லை, இரவில் மூன்று முறை விழிக்கிறேன்" என்பது எங்களுக்கு உதவும். குடைச்சலா, எரிச்சலா, சுரீர் என்று இழுப்பதா, மரத்துப்போவதா என்று பிரித்துச் சொல்லுங்கள். நரம்பிலிருந்து வரும் வலிக்கும் தசையிலிருந்து வரும் வலிக்கும் மருந்து வேறு. முந்தைய மருத்துவர்கள் மீதுள்ள கோபத்தில் தொடங்கினால் ஐந்து நிமிடமும் அதிலேயே போய்விடும். திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து வாரத்தின் நடுவில் போவது நல்லது. ஊசியைப் பற்றி மறைக்காதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை. முடிந்தால் கணவரையும் அறைக்குள் அழைத்துப் போங்கள். வலி உண்மை என்பதை மருத்துவர் வாயால் அவர் கேட்பது, வீட்டில் நீங்கள் ஆயிரம் முறை சொல்வதைவிடப் பயன்படும்.

வயலும் வீடும்

படுத்தே இருந்தால் இந்த வலி கூடும். அதற்காக, வலி குறைந்த நாளில் மூன்று நாள் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் சுருண்டு கிடப்பதும் அதே அளவு கெடுதல். நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு அசைவு வேண்டும். சாயங்காலம் பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். குனிந்த வேலையில் வலி கடுமையாகும்வரை காத்திராமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நில்லுங்கள். குழுவாக ஒப்பந்தம் பேசி ஏக்கர் கணக்கில் நடும்போது ஒருவர் மட்டும் நிமிர்ந்து நிற்பது எவ்வளவு கடினம் என்று அறிவேன். வரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் இடுப்பு வலிதான் என்பதால், எல்லாரும் ஒன்றாக நிமிரலாம் என்று பேசிப் பாருங்கள். இந்தப் போகம் உங்கள் குத்தகை நிலத்தோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்பதையும் கணவரோடு யோசியுங்கள். கூலி குறையும், உண்மைதான். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் போன பணத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். நீங்கள் நடமாடுவதால் மருத்துவமனைக்கே வரச் சொல்வார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க ஊருக்கு வரும் தன்னார்வலரிடம் கேளுங்கள்.

சான்றும் உரிமைகளும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் நாள்பட்ட வலி தனியாக இல்லை. கை, கால், முதுகின் இயக்கம் குறைந்து, அது 40 சதவீதத்தை எட்டுவதாக மருத்துவக் குழு மதிப்பிட்டால் மட்டுமே அரசின் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். இப்போதைய நிலையில் அதற்காக அலைய வேண்டாம்.

தனியார் மருத்துவமனை உங்கள் பழைய பதிவுகளைத் தர மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியாக இருந்தவர் கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். எழுத்தில் கேட்டு, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும், பரிசோதனையின்போது பெண் ஒருவர் உடனிருக்கக் கேட்பதும், மருந்தின் பெயர் புரியும்படி எழுதிக் கேட்பதும் உங்கள் உரிமை. கேட்ட ஊசியைப் போட வேண்டும் என்று மருத்துவரைக் கட்டாயப்படுத்தும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை.

நீங்கள் போகும் நாளில் அந்தப் பெண் மருத்துவர் மேற்படிப்புக்கோ வேறு ஊருக்கோ மாறிப்போயிருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இது நடப்பதுதான். திரும்பி வந்துவிடாதீர்கள். அவர் எழுதிய பழைய ஓபி சீட்டை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, அந்த இடத்தில் இப்போது இருப்பவரிடம் காட்டி, "இதிலிருந்து தொடர வேண்டும்" என்று சொல்லுங்கள்.